சுண்ணாம்பு பதப்படும்வரை பொறுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

மதுரை–போடி ரயில் பாதையோரம் ஆளரவம் இல்லாமல் கிடந்த பழைய நிலையக் கட்டடம் இந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. முற்றத்தில் நட்ட கைகாட்டி மரம் (ரயிலை நில், போ என்று கையால் காட்டும் பழைய சிக்னல் கம்பம்), லீவரை இழுத்ததும் கையைச் சாய்க்கிறது, விட்டதும் தூக்கிக்கொள்கிறது. இந்தச் சீரமைப்புக்குப் பணம் தந்தவர்கள், பொருள் தந்தவர்கள், உடம்பால் உழைத்தவர்கள் அனைவருக்கும் எங்கள் குழுவின் நன்றி. யார் செய்த உதவி எந்த இடத்தில் கைகொடுத்தது என்று விவரமாகவே எழுதுகிறோம். அடுத்து இப்படி ஒரு வேலையில் இறங்குபவர்களுக்கும் அது பயன்படும்.

இந்தப் பாதை 1928-ல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில் மறுபடி போட்டார்கள். 2010 கடைசியோடு மீட்டர்கேஜ் வண்டி நின்றது. அகலப்பாதையில் 2022-ல் தேனி வரைக்கும் 2023-ல் போடி வரைக்கும் ரயில் வந்தது. தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர் அகலமிருந்த பாதை 1676 ஆனதில் ஊருக்கு நன்மைதான். ஆனால் பழைய நிலையச் சாமான்கள் பழைய இரும்புக் கணக்கில் சேர்ந்துவிட்டால் பிறகு தேடினாலும் கிடைக்காது.

முதல் நன்றி, பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பெரும்பகுதித் தொகையைத் தந்த நிறுவனத்துக்கு. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவின்படி, அதன் வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணிக்குச் செலவிடலாம் என்று சொல்லும் அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மரபுக் கட்டடங்களைச் சீரமைப்பதும் இடம்பெற்றிருக்கிறது. சிக்கல் வருவது நாள்கணக்கில்தான். ஒப்புதல் பெரும்பாலும் தை, மாசியில் கைக்கு வரும். மார்ச் 31-க்குள் செலவழித்துக் கணக்குக் காட்டு என்பார்கள். சிமெண்டு வேலையை அப்படி முடித்துவிடலாம். சுண்ணாம்பு வேலையை முடிக்க முடியாது. அவசரத்துக்குச் சிமெண்டைப் பூசிய பழைய கட்டடங்கள் பல, பூசாமல் விட்டவற்றைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகின்றன.

இந்த நிறுவனத்தார் இதைக் கேட்டுப் புரிந்துகொண்டு, எங்கள் பணியை ஓராண்டில் முடியாத தொடர் திட்டமாகத் தங்கள் குழுவில் பதிவு செய்தார்கள். அப்படிப் பதிவு செய்தால், செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கச் சட்டம் இடம் தருகிறது. பணத்தோடு காலத்தையும் சேர்த்துக் கொடுத்தீர்கள். எங்களுக்கு அதுதான் பெரிய கொடை.

அந்தக் காலம் எங்கே போனது என்பதற்கும் கணக்குச் சொல்கிறோம். கூரை மெட்ராஸ் டெரஸ் வகை: தேக்கு உத்திரங்களின் மேல் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனமுள்ள சிறு செங்கலைச் செங்குத்தாகச் சாய்கோட்டில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டித் தட்டி இறுக்குவது. யாரோ எப்போதோ மேலே போட்டிருந்த சிமெண்டு ஒட்டு வெயிலில் ஓரம் பிளந்து, உள்ளே போன மழைநீர் வெளியேற வழியின்றி உத்திரத்தின் முனைகளை உளுத்துப்போகச் செய்துவிட்டது. அந்தச் சிமெண்டை மின்சார பிரேக்கர் வைத்து உடைத்தால் அதிர்ச்சியில் அடிச் செங்கல் கழன்றுவிடும். உளியால்தான் செதுக்கி எடுத்தோம். அதற்கே 19 நாள் ஆனது.

இடிந்த பகுதி 12 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 190 கல் பிடித்தது. உடைசலுக்கும் சேர்த்து 2,600 கல் சொன்னோம். இந்த அளவுக் கல்லை இப்போது சூளைகள் வழக்கமாக அறுப்பதில்லை. எங்களுக்காகத் தனி அச்சு செய்து, ஒரே ஈட்டில் சுட்டுத் தந்த சூளைக்காரருக்கு நன்றி. உளுத்த முனைகளை வெட்டிவிட்டுப் பழைய தேக்கிலேயே ஒட்டுப் போட்ட ஆசாரி, சுவருக்குள் போகும் மரத்தைச் சுற்றி ஓர் அங்குல இடைவெளி விட்டார். காற்றுப் போகாத மரம்தான் முதலில் உளுக்கும்.

சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் நீற்றி, சல்லடையில் வடித்து, தண்ணீர் மூடி நிற்க ஆறு வாரம் தொட்டியில் வைத்தோம். நீறாத பருக்கை ஒன்று கலவையில் ஏறினாலும் பிறகு ஈரம் பட்டு விரியும்; பூச்சு அம்மைத் தழும்புபோலத் தெறிக்கும். 200 லிட்டர் டிரம்முக்குக் கடுக்காய் 10 கிலோ, பனங்கருப்பட்டி 10 கிலோ போட்டு 12 நாள் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத்தான் கூரையைத் தட்டினார்கள். முதலில் வந்த கருப்பட்டியில் சீனி கலந்திருந்ததைக் கொத்தனார் நாக்கில் வைத்தே கண்டுபிடித்தார். பிறகு ராமநாதபுரம் பக்கத்துப் பனையேறிகளிடம் நேரே போய் வாங்கி வந்தவர்களுக்கு நன்றி.

நான்கு அங்குலக் கனத்தில் கொட்டிய ஜல்லி மூன்று அங்குலமாக இறுகும்வரை மரக்கட்டையால் தட்ட வேண்டும். வரிசையாகக் குத்தவைத்து, காலை வெயில் ஏறுமுன் தொடங்கி நான்கு நாள் தட்டிய பதினொரு பெண்களுக்கு நாங்கள் பட்ட கடன் எளிதில் தீராது. கட்டை மேலே பட்டதும் துள்ளித் திரும்ப வேண்டும், சத்தம் கணீரென்று வர வேண்டும்; அப்போதுதான் பதம் என்று நிறுத்தச் சொன்னதும் அவர்கள்தான். சித்திரைத் திருவிழாவுக்குப் பின் அடித்த வெயிலில் சுண்ணாம்பு வெடிக்காமல் இருக்க, மூன்று வாரம் ஈரச் சாக்கு போட்டுத் தண்ணீர் தெளித்த காவலர்களுக்கும் நன்றி.

பணத்தின் இன்னொரு பக்கம் வெளியே தெரியாதது. நிதி 40, 40, 20 என்று மூன்று தவணையாக வந்தது. கடைசி 20 விழுக்காடு, வேலை முடிந்து, பணம் உரிய வேலைக்கே செலவானது என்ற பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் வரும். ஆனால் கூலி சனிக்கிழமைதோறும் போக வேண்டும். அந்த இடைவெளிக்கு வட்டியில்லாமல் கைமாற்றுத் தந்து, நிதி வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்ட இரண்டு வணிகக் குடும்பங்கள் இல்லாவிட்டால் கூரை பாதியில் நின்றிருக்கும், அதன்மேல் மழையும் பெய்திருக்கும். மதிப்பீட்டில் ஒப்பந்த வேலைக்கான 18 விழுக்காடு ஜிஎஸ்டியை நாங்கள் சேர்க்க மறந்திருந்தோம். விண்ணப்பம் போகுமுன் அதைச் சுட்டிக்காட்டி, எதிர்பாராச் செலவுக்கென்று 10 விழுக்காடும் தனியே எழுதவைத்த தணிக்கையாளருக்குத் தனி நன்றி. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் வரிவிலக்கு இல்லை என்பதால், உண்டியலில் போட வந்தவர்களை வங்கிக்கு அனுப்பியவரும் அவர்தான்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர் அனுப்பிய தொகையைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர்; எங்கள் குழுவுக்கு வெளிநாட்டு நன்கொடைப் பதிவு இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது. இந்த வேறுபாட்டைப் பொறுமையாகக் கேட்டு, கொஞ்சமும் வருத்தப்படாத அவருடைய பெருந்தன்மைக்கு நன்றி.

கைகாட்டியை நிமிர்த்தியவர்கள் ஓய்வுபெற்ற சிக்னல் ஃபிட்டர்கள். துருப்பிடித்த கைக்கு நாங்கள் கனமான தகடு வெட்டிப் போட்டுவிட்டோம். கை எடை கூடியதால், கம்பியைத் தளர்த்தினாலும் பழைய எடைக்கட்டையால் அதைத் தூக்க முடியவில்லை. கம்பி அறுந்தாலும் கை தானாகவே கிடைமட்டத்துக்கு, அதாவது ‘நில்’ என்று காட்டும் ஆபத்து நிலைக்கு, வந்தாக வேண்டும். அது தவறினால் கைகாட்டி வெறும் பொம்மை என்று சொல்லித் தகட்டை மாற்றவைத்தார்கள். லீவரிலிருந்து 60 மீட்டர் கம்பி. விடியலுக்கும் உச்சிப்பொழுதுக்கும் 25 டிகிரி கூடினால் 18 மில்லிமீட்டர் நீளும், கை அரைகுறையாகச் சாயும். அதனால் லீவர் பக்கத்திலேயே இழுவையைச் சரிசெய்யும் திருகு வைத்தார்கள். கைகாட்டியின் பழைய விளக்குக் கண்ணாடியில் பச்சை ஏன் நீலமாக இருக்கிறது என்று பார்க்க வருபவர்கள் கேட்கிறார்கள். மண்ணெண்ணெய் விளக்கின் மஞ்சள் சுடர் அதன் வழியே வரும்போதுதான் பச்சையாகத் தெரியும். வெள்ளை எல்இடி போட்டால் நீலமாகவே நிற்கும். மஞ்சள் ஒளி விளக்கு வாங்கித் தந்த கடைக்காரருக்கும் நன்றி. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்பதால் உலர்வாகத் தேய்க்காமல், நனைத்துச் சுரண்டிப் பொடியைப் பையில் கட்டிய ஐடிஐ மாணவர்களுக்கு எங்கள் அன்பு.

எழுத்துமூல அனுமதி தரும்வரை ஓர் ஆணிகூட அடிக்கவிடாத ரயில்வே அதிகாரிகளுக்கும் நன்றி. அந்தக் கடிதம் கையில் இருந்ததால்தான் நிதி தந்தவர்கள் எங்களை நம்பினார்கள்.

பில்கள், தவணை வாரியான கணக்கு, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாம் கட்டடத்தின் முன்னறை அலமாரியில் இருக்கின்றன. யாரும் புரட்டிப் பார்க்கலாம். மிச்சச் சுண்ணாம்பு தண்ணீர் மூடிய தொட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஆவணியில் கூரைத் தண்ணீர்க் குழாய்களின் வாயில் அடைத்த சருகை எடுக்கும்போது, கீறல் எங்கேனும் இருந்தால் அதை வைத்தே அடைக்கப்போகிறோம். அன்றைக்குக் கட்டாயம் வாருங்கள்.

நன்றியுடன்,
சீரமைப்புக் குழுவினர்
மதுரை