இன்னொரு பெட்டியில் ஒரு சீட்டு

அன்பு தேன்மொழிக்கு, அம்மா எழுதுவது.

ஆராய்ச்சி நிதி கேட்டு வந்த விண்ணப்பங்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன, எதில் கை வைப்பதென்றே தெரியவில்லை என்று நேற்று போனில் சொன்னாய். குரல் கம்மியிருந்தது. இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வந்ததும் படிக்க உட்காராதே. முதலில் தேதி முத்திரை, பதிவேட்டில் எண். பிறகு ஒரு புரட்டு: கல்லூரி முதல்வரின் ஒப்புதல் கையெழுத்து இருக்கிறதா, கருவி, சம்பளம், பயணம் என்று செலவைத் தலைப்புவாரியாகப் பிரித்திருக்கிறார்களா, கடைசித் தேதி என்ன. குறை இருந்தால் அன்றைக்கே கடிதம் போட்டுவிடு. பேராசிரியர் பெயரை வைத்து மட்டும் அடுக்காதே. பெரிய பெயர்கள் தானாக மேலே ஏறிவிடும்.

துறை பிரிக்கும்போதுதான் நிதானம் வேண்டும். நான் ஆய்வுப் பிரிவில் இருந்தபோது, தருமபுரிப் பக்கத்து நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடு பற்றி ஒரு விண்ணப்பம் வந்தது. வேதியியலா, மருத்துவமா? வேதியியல் பெட்டியில் வைத்தேன். அங்கிருந்தவர், இது மருத்துவத்துக்கு உரியது என்று ஒதுக்கி வைத்தார். மருத்துவத்துக்கு அது போய்ச் சேரவேயில்லை. நிபுணர் குழு கூடிக் கலைந்துவிட்டது. எழுதியவர் ஓர் அரசுக் கல்லூரி ஆசிரியை. மூன்று மாதம் கழித்து பஸ் ஏறி வந்து என் மேசை முன் நின்றார். கையில், அந்தத் தண்ணீரைக் குடித்துப் பல்லெல்லாம் கறை பிடித்த பிள்ளைகளின் போட்டோக்கள். அவருக்கு ஒரு வருடம் என் கையால் போனது. இன்றும் அந்த முகம் மறக்கவில்லை.

அதன் பிறகு, இரண்டு துறைக்குப் பொதுவான எதையும் அசலை ஒரு பெட்டியில் வைத்து, மற்றதில் எண்ணும் இருப்பிடமும் எழுதிய சீட்டைச் செருகாமல் நான் எழுந்ததில்லை. நீயும் அப்படிச் செய்.

கணினியில் தேதியை 2025-03-07 என்று ஆண்டை முன்னால் போட்டு எழுது, வரிசை குலையாது. பழைய எண்களை மாற்றாதே. ஆராய்ச்சிக்கு நிதி கொடுத்துவந்த எஸ்.இ.ஆர்.பி. எனும் மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது என்றாலும், பழைய அனுமதி ஆணையில் அச்சான எண் அச்சானதுதான். நிதியைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் வரும்போதும் தணிக்கையின்போதும் அதை வைத்துத்தான் தேடுவார்கள்.

இங்கே தமிழ்நாட்டு அலுவலகங்களில் கோப்பை முடிக்கும்போதே ஓ.மு., மூ.மு., ப.மு. என்று ஓராண்டோ மூன்றாண்டோ பத்தாண்டோ வைக்க வேண்டியதைக் குறித்துவிடுவோம். டெல்லியில் உன் அலுவலகத்தில் என்ன வழக்கம் என்று மூத்தவர்களைக் கேட்டுக்கொள்.

பருப்புப்பொடி டப்பாவோடு பச்சை அட்டையில் நூறு சீட்டு வெட்டிப் பார்சலில் வைத்திருக்கிறேன். கிடைத்ததும் கூப்பிடு.

அம்மா