தோற்ற சோதனைகளையும் வெளியிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முயல், செம்மறியாடுகளின் முதுகில் செயற்கை எலும்பை வைத்துச் சோதிப்பதை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று இப்பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஆயுள் முழுக்க ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்த எனக்கு அவருடைய வேதனை புரிகிறது. ஆனாலும் தடை கேட்க எனக்கு மனம் வரவில்லை.

என் அக்கா மகன் வேர்க்கிளம்பி பக்கம் ஒரு விளையில் தேங்காய் வெட்ட ஏறி விழுந்தவன். அவனுடைய இடுப்பிலிருந்தே எலும்பு எடுத்து வைத்து, உடைந்த முள்ளெலும்பைப் பக்கத்து எலும்போடு சேர்த்தார்கள். முதுகு தேறிவிட்டது. எலும்பு எடுத்த இடம்தான் இன்னும் வலிக்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தால் அந்தக் காலை ஊன்ற மாட்டான். அவனுக்கு மட்டும் வந்த வலி அல்ல இது, இந்த அறுவை சிகிச்சையில் பலருக்கும் வருவது. ஹைட்ராக்சிஅபடைட், ட்ரைகால்சியம் பாஸ்பேட் என்று சொந்த எலும்புக்குப் பதிலாக வைக்கும் செயற்கைப் பொருள்களைத் தேடுவதே இந்த வலியைத் தவிர்க்கத்தான்.

இவற்றை விலங்கில் ஏன் பார்க்க வேண்டும்? எக்ஸ்ரேயில் செயற்கைத் துகளும் எலும்பைப் போலவே வெள்ளையாகத் தெரியும். புது எலும்பு வளர்ந்ததா, துகள் சும்மா கிடக்கிறதா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். முயலில், சில வாரம் கழித்து அந்த முள்ளெலும்புகளை வெட்டியெடுத்துக் கையால் வளைத்துப் பார்ப்பார்கள். அசைந்தால் சேரவில்லை. பிறகு மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைப்பார்கள். நோயாளியிடம் இதைச் செய்ய முடியுமா?

ஆனால் முயல் சொல்வதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. 1995-இல் அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஸ்காட் போடனின் குழு வகுத்த முயல் சோதனை முறையில், முயலின் சொந்த எலும்பை வைத்தபோதே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முயல்களில்தான் சேர்ந்தது. ஆகவே சொந்த எலும்பு வைத்த முயல்களை ஒப்பிட்டுக் காட்டாத எந்த 'வெற்றி'யையும் நான் வெற்றியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வளர்ந்து முடியாத குட்டிகளிடம் சோதித்திருந்தாலும் அப்படித்தான். இளம் எலும்பு சீக்கிரம் கூடிவிடும். எலும்பு வளரத் தூண்டும் பிஎம்பி-2 என்ற புரதம், முயலுக்குப் போதுமான அடர்த்தியில் குரங்குக்குப் போதவில்லை. அதே புரதத்தை மனிதர்களிடம் சோதித்தபோது, கம்பெனி ஆதரவில் நடந்த ஆய்வுகள் பக்கவிளைவுகளைக் குறைத்துக் காட்டியதை 2011-இல் 'ஸ்பைன் ஜர்னல்' இதழ் வெளிக்கொண்டு வந்தது.

நம் பக்கத்தில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. இங்கிருந்து எத்தனையோ பேர் சிகிச்சைக்குப் போகும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவில் செயற்கை இதய வால்வு செய்தபோது முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. நான்காவது வடிவம்தான் செம்மறியாடுகளில் தேறி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. முந்தியவை எதனால் தோற்றன என்பதை அந்த வால்வை உருவாக்கிய டாக்டர் வலியத்தானின் குழு மறைக்காமல் எழுதிவைத்தது.

மனிதர்களிடம் மருந்தைச் சோதிப்பவர்கள் தேசியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவது 2009 முதல் நம் நாட்டில் கட்டாயம். விலங்குச் சோதனைக்கும் அந்தக் கட்டாயம் வேண்டும். எந்த விலங்கு, என்ன வயது, எத்தனை, எதனோடு ஒப்பிடப்போகிறார்கள் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதட்டும். தோற்றால் அதையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடட்டும். ஒரு கூடத்தில் தோற்றதை மூடிவைத்தால், அது தெரியாமல் இன்னொரு கூடத்தில் அதே பொருளுக்காக இன்னும் பல முயல்கள் சாகும். முயல்களுக்காக எழுதிய அந்த வாசகர் இந்தக் கோரிக்கையோடு ஒரு மனு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். நம் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்த கூட்டத்தொடரில் இதைக் கேள்வியாக எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
தக்கலை.