பையிலிருந்து வந்த ஏழு வாக்குகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடியில் 24 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில் இருக்கிறோம். போன மாதம் உரிமையாளர்கள் சங்கப் பொதுக்குழு கூடியது. அடிக்கடி நின்றுபோகும் பழைய லிப்டை மாற்றுவதுதான் முக்கியப் பொருள். வந்தவர்கள் 11 பேர். மாற்றலாம் என்று 8 பேர் கை தூக்கினார்கள், வேண்டாம் என்று 3 பேர். சரி, முடிந்தது என்று எழுந்தோம். அப்போதுதான் செயலாளர் பையைத் திறந்து, வராதவர்கள் கொடுத்ததாக 7 பிராக்ஸி கடிதங்களை, அதாவது தங்களுக்குப் பதில் அவரே வாக்களிக்கலாம் என்ற கடிதங்களை, மேசையில் வைத்தார். ஏழும் 'வேண்டாம்'. தீர்மானம் தோற்றுவிட்டது.

கடிதங்களை வாங்கிப் பார்த்தேன். ஒன்றிலும் லிப்ட் என்ற சொல்லே இல்லை. 'பொதுக்குழுவில் என் சார்பில் வாக்களிக்க' என்று மட்டும் இருந்தது. நான்கில் தேதியும் கிடையாது. சிங்கப்பூரில் இருக்கும் ஒருவரை அன்றிரவே போனில் பிடித்தேன். "பெயிண்ட் அடிக்கிறதுக்குன்னு போன வருஷம் கேட்டாங்க அண்ணே, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். லிப்ட் மாத்தினா நல்லதுதானே?" என்றார். என் மனைவிக்கு மூட்டுத் தேய்மானம். லிப்ட் நிற்கிற நாட்களில் டாக்டரிடம் போவதைக்கூடத் தள்ளிப்போடுகிறாள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

செயலாளரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சம்பளமில்லாமல் மோட்டார், செப்டிக் டேங்க் எல்லாம் கவனிக்கிறவர். ஆனால் ஒருவர் கையிலேயே 7 வாக்குகள் இருந்தால் நாங்கள் 11 பேர் எதற்காக நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்?

பிராக்ஸியே கூடாது என்றும் சொல்ல முடியாது. இந்த ஊரில் வீடு வாங்கியவர்களில் பலர் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். எல்லோரும் வந்தால்தான் முடிவு என்றால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பூர்வீக வீடே சாட்சி. ஐயா காலத்து வீடு, இன்றைக்குப் பங்காளிகள் 17 புள்ளி, அதாவது 17 குடும்பம். ஓடு மாற்றவும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்று காத்திருந்து, இரண்டாம் கட்டு மழையில் விழுந்தது. செட்டிநாட்டில் இப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனையோ. அதே நேரம், ஒரு தம்பதி ஒரு புள்ளி, வரியும் புள்ளிக் கணக்கில் என்று நகரத்தார் கோயில் காரியங்களில் எண்ணுகிறோமே, அந்தக் கணக்கில் யாருக்கும் சந்தேகம் வந்து நான் பார்த்ததில்லை.

அடுக்குமாடிக் கட்டடத்தை இடித்துவிட்டுத் திரும்பக் கட்ட முன்பு எல்லா உரிமையாளர்களின் சம்மதமும் வேண்டியிருந்தது. 2024-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, மூன்றில் இரண்டு பங்கு போதும் என்கிறது. நல்ல மாற்றம்தான். எங்கள் கட்டடத்துக்கு அது 16 வீடு. அந்த 16-இல் 7 இப்படிப் பையிலிருந்து வந்தால்? லிப்ட் போனால் படி ஏறிக்கொள்ளலாம். வீடே போகும் விஷயம் இது.

எங்கள் சங்க விதிகளான பைலாவில் பிராக்ஸி உண்டு என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. எப்படி என்று இல்லை. அதில் இவற்றைச் சேர்க்க வேண்டும் என்பது என் யோசனை. பிராக்ஸி கடிதம் எந்தக் கூட்டத்துக்குக் கொடுத்ததோ அந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும் செல்ல வேண்டும். தேதி, பொருள், சம்மதமா இல்லையா என்பது உரிமையாளர் கையாலேயே எழுதியிருக்க வேண்டும். கை தூக்குவதற்கு முன்பே எல்லாக் கடிதங்களையும் வாசித்துவிட வேண்டும், ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பணச் செலவு உள்ள தீர்மானங்களுக்குக் கை தூக்கலே வேண்டாம். வீட்டு எண் போட்ட சீட்டில் எழுதி வாங்கி, எண்ணிக்கையை அங்கேயே மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்து வாங்கலாம். கொட்டேஷனும் இரண்டு வாரம் முன்பே எல்லோர் வாட்ஸ்அப்புக்கும் போய்விட வேண்டும். எதிர்வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் நிர்வாகக் குழுத் தேர்தலாவது ரகசிய வாக்காக இருக்கட்டும்.

பைலாவைத் திருத்த சிறப்புத் தீர்மானம் போட்டுப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பொங்கலுக்கு வெளியூர்க்காரர்கள் வருவார்கள். அப்போது கூட்டம் வைக்கச் சொல்லி 9 வீட்டார் கையெழுத்திட்டு மனு கொடுத்திருக்கிறோம். சிங்கப்பூர்க்காரரும் தன் பழைய கடிதத்தை ரத்து செய்து எழுதி அனுப்பிவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
காரைக்குடி.