தையல் இயந்திரத்தை எங்கே வாங்குவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்கும்போது இணைய அங்காடிகளில் தள்ளுபடி விற்பனை தொடங்கிவிடுகிறது. அதில் தையல் இயந்திரம் வாங்கலாமா என்று என்னிடம் பயின்ற பெண்கள் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார்கள். இராஜபாளையம் பகுதியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தையற்பயிற்சி அளித்து வருகிறேன். பக்கத்துத் தளவாய்புரம் வரை நைட்டி தைத்துக் குடும்பம் நடத்தும் வீடுகள் ஏராளம் உள்ள பகுதி இது. தைத்துப் பிழைக்க இயந்திரம் வாங்குபவர், பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் இருக்கும் உள்ளூர்க் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதும், இணையத்தில் ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் அதுவே சரி என்பதும் என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைத் தங்கள் நாளிதழ் வழியாகப் பலருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருவர், மகளிர் குழுவில் வாங்கிய கடனைக் கொண்டு, ஜிக்ஜாக் தையலும் பட்டன் துளையும் போடக்கூடிய மோட்டார் இயந்திரம் ஒன்றை இணையத்தில் வாங்கினார். பெட்டி ஒழுங்காகத்தான் வந்து சேர்ந்தது. ஆனால் பாப்ளின் துணியில் சுமாராக ஓடிய இயந்திரம், நைட்டிக்கான ரேயான் துணியை வைத்தால் இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை தையலை விட்டது. ஊசியை மாற்றினார், நூலை மாற்றினார், நூலின் இறுக்கமான டென்ஷனைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியவர்கள் முதலில் காணொளி எடுத்து அனுப்பச் சொன்னார்கள். பிறகு மதுரையிலிருந்து ஆள் வருவார் என்றார்கள். ஆள் வருவதற்குள் பொருளைத் திருப்பி அனுப்புவதற்கான ஏழு நாள்கள் கடந்துவிட்டன. உள்ளூர் மெக்கானிக்கிடம் காட்டலாமென்றால், வெளியாள் திறந்தால் உத்தரவாதம் செல்லாது என்று அட்டையில் அச்சிட்டிருந்தது. தீபாவளிக்காக வாங்கி வைத்திருந்த துணிகளில் பெரும்பகுதியை அவர் தைக்காமலே திருப்பிக் கொடுத்தார். கடைசியில், உத்தரவாதம் போனால் போகட்டும் என்று நம் ஊர் மெக்கானிக்கிடமே கொண்டு சென்றோம். அவர் அரை மணி நேரத்தில் சரிசெய்து, இருநூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அந்த இயந்திரத்தில் இருந்த கோளாறு என்ன என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதம் முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. ஊசி துணிக்குக் கீழே அடிமட்டம் வரை இறங்கிவிட்டு மேலே எழத் தொடங்கியதும், ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் உயர்வதற்குள், ஊசிக் கண்ணின் பின்புறம் நூல் ஒரு சிறு வளையமாகத் தளர்கிறது. சரியாக அந்த நேரத்தில், ஊசிக்குக் கீழே இயங்கும் ஷட்டில் என்ற கொக்கியின் கூர்முனை வந்து அந்த வளையத்தைப் பற்றி, அடிநூலான பாபின் நூலைச் சுற்றிக் கொண்டுபோனால்தான் தையல் விழும். ஊசியைத் தாங்கும் கம்பி மயிரிழை மேலோ கீழோ நகர்ந்திருந்தாலும் கூர்முனை வளையத்தைத் தவறவிடும். மெல்லிய, வழுக்கும் துணியில் வளையம் சிறிதாக விழுவதால், அங்கேதான் குறை முதலில் தெரியும். வழியில் பெட்டி விழுந்து எழுந்ததில் அந்தக் கம்பி நகர்ந்திருக்க வேண்டும் என்றார் மெக்கானிக். இதைக் காணொளியைப் பார்த்தோ தொலைபேசியில் கேட்டோ கண்டுபிடிக்க முடியாது. விரலால் சக்கரத்தை மெல்லத் திருப்பி, ஊசியும் ஷட்டிலும் சந்திக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

நல்ல கடையில் வாங்கும்போது இந்தச் சோதனை விற்பனையின் ஒரு பகுதியாகவே நடந்துவிடுகிறது. இயந்திரத்தின் மேற்பகுதியான ஹெட்டைப் பலகையில் ஏற்றி, பெல்ட்டின் நீளத்தைச் சரிபார்த்து, எண்ணெய் விட்டு, துணியை நகர்த்தும் பல்லின் உயரத்தைப் பார்த்து, வாங்குபவரையே உட்கார வைத்து ஓட்டச் சொல்வார்கள். நான் என் மாணவிகளிடம், கடைக்குப் போகும்போது மூன்று துணிகளைக் கையோடு கொண்டுபோகச் சொல்வேன்: ஒரு துண்டு ரேயான், ஒரு துண்டு பாப்ளின், நான்காக மடித்த பழைய ஜீன்ஸ். மூன்றிலும் ஒரு முழம் தைத்து, துணியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். இது இன்றைக்கு ஏற்பட்ட வழக்கமன்று. 1856ஆம் ஆண்டிலேயே தவணை முறையில் விற்கத் தொடங்கிய சிங்கர் நிறுவனம், தன் காட்சிக்கூடங்களில் பெண்களை அமர்த்தித் தைத்துக் காட்டியும் விற்றது. தைத்துக் காட்டாமல் இந்தப் பொருளை விற்க முடியாது என்பதை அன்றைய வணிகர்களே அறிந்திருந்தார்கள்.

உள்ளூர்க் கடைக்காரர்கள் எல்லாரும் நேர்மையானவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. என் முதல் இயந்திரத்தை வாங்கியபோது எனக்குக் கிடைத்தது கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டுதான். அதில் கடையின் முத்திரைகூட இல்லை. மூன்றே மாதத்தில், அடிநூல் சுருளைத் தாங்கும் பாபின் கேஸ் தேய்ந்து போனபோது, அது தங்கள் கடையில் வாங்கியதே அல்ல என்று சொல்லிவிட்டார்கள். பெயர் பெற்ற நிறுவனத்தின் ஒட்டுப்படத்தை வேறொரு ஹெட்டில் ஒட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். பெண்கள் தனியாகப் போனால் ஒரு விலை, வீட்டு ஆண்களோடு போனால் ஒரு விலை என்பதையும் கண்ணால் கண்டிருக்கிறேன். இணையத்தில் விலை வெளிப்படையாக இருப்பதால்தான் பெண்கள் அந்தப் பக்கம் போகிறார்கள் என்பதைக் கடைக்காரர்கள் உணர வேண்டும். விலையை எழுதி வைப்பதும், வரிசை எண்ணைக் குறிப்பிட்டு முறையான ரசீது தருவதும் அவர்கள் செய்யும் உபகாரம் அல்ல, கடமை.

இணையத்தில் வாங்கத் தக்கவையும் உண்டு. துணியை அழுத்திப் பிடிக்கும் பாதங்களில் ஜிப் தைக்கும் பாதம், ஓரம் சுருட்டும் பாதம், மேலும் பாபின்கள் போன்ற சில்லறைப் பொருள்கள் அங்கே மலிவாகவும் பல வகையாகவும் கிடைக்கின்றன. ஊசி வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. வீட்டு இயந்திரத்துக்கான எச்.ஏ. ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். தொழிற்கூடங்களில் ஓடும் பவர் மெஷினுக்கான டி.பி. ஊசியின் தண்டு உருண்டையாக இருக்கும். ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. பழுது பார்க்கத் தெரிந்தவரே இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கும், கடைவரை செல்ல இயலாத மாற்றுத்திறனாளிகளுக்கும் இணையம் பெரிய உதவிதான். ஆனால் கைக்குள் அடங்கும் குட்டி இயந்திரங்களைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். ஸ்டேப்ளர் போன்ற வடிவில் வருபவை ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடுபவை. முடிச்சிடாத நூல் முனையை இழுத்தால் தைத்தது முழுவதும் பிரிந்துவிடும். அவசரத்துக்கு ஓரம் மடிக்கலாம், அதை வைத்துத் தொழில் செய்ய முடியாது.

ஏற்கெனவே இணையத்தில் வாங்கிச் சிக்கலில் இருப்பவர்கள் சோர்ந்துவிட வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, இணைய அங்காடியின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம் என்கிறது. இவை நல்ல ஏற்பாடுகள். எனினும், தினக்கூலி போலத் தைத்துச் சம்பாதிக்கும் பெண்ணுக்கு ஒரு மாதம் என்பது ஒரு மாத வருமானம். அவருக்கு உடனே வேண்டியது, மறுநாள் காலையில் வந்து இயந்திரத்தைத் திறந்து பார்க்கும் ஒருவர்.

அந்த ஒருவர் இன்று குறைந்துகொண்டே வருகிறார் என்பதும் என் கவலை. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு இலவசமாக வழங்கும் இயந்திரமானாலும், அம்மா விட்டுச் சென்ற பழைய கறுப்பு இயந்திரமானாலும், பழுதானால் நாம் தூக்கிக்கொண்டு ஓடுவது இதே சிறு கடைகளுக்குத்தான். புது இயந்திரம் விற்ற வருமானத்தில்தான் அந்தக் கடைகள் மெக்கானிக்கை வைத்திருக்கின்றன. எங்கள் கடைவீதியில் இருந்த இத்தகைய நான்கு கடைகளில் இரண்டு இப்போது கைப்பேசிக் கடைகளாகிவிட்டன. மிஞ்சிய மெக்கானிக்குகளில் இளைஞர் ஒருவர்கூட இல்லை.

ஆகவே எனக்கு இரண்டு கோரிக்கைகள் உண்டு. தையல் இயந்திரத்துக்கு மகளிர் குழுக்களும் வங்கிகளும் கடன் தரும்போது விலைப்புள்ளியை மட்டும் பார்க்காமல், பழுதுபார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார், எத்தனை நாளில் வருவார் என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். இணைய அங்காடிகள், பொருளைத் திருப்பி அனுப்பும் காலத்தைப் பெட்டி வந்து இறங்கிய நாளிலிருந்து கணக்கிடாமல், தங்கள் ஆள் நேரில் வந்து இயந்திரத்தைப் பொருத்தி, வாங்கியவர் தாம் தைக்கும் துணியில் தைத்துப் பார்த்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும்.

இப்படிக்கு,
தையற்பயிற்சி ஆசிரியை ஒருவர்,
இராஜபாளையம்.