பொட்டலம் வந்து சேர்ந்தது, அம்மா

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதமும் பொட்டலமும் அத்தானின் அலுவலக நண்பர் கையில் பத்திரமாக வந்து சேர்ந்தன. பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று போனில் இரண்டு வார்த்தை மட்டும் சொல்லி வைத்துவிட்டதாகவும், அங்கே என்ன வைத்தியம் பார்த்தேன், துணைக்கு யார் இருந்தார்கள் என்று தெரியாமல் ஆச்சி இரவெல்லாம் உறங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அன்றைக்கே முழுவதையும் சொல்லியிருந்தால், மதினியையும் பச்சைக் குழந்தையையும் விட்டுவிட்டு நீங்கள் பெட்டி கட்டியிருப்பீர்கள். இப்போது பாப்பா எழுந்து ஓடி விளையாடுகிறாள். ஆகவே ஒன்று விடாமல் எழுதுகிறேன். ஆச்சிக்கு மெதுவாக வாசித்துக் காட்டுங்கள்.

பாப்பாவுக்கு வந்தது டெங்குக் காய்ச்சல். வைகாசியில் தொடங்கும் மழைக்குப் பிறகு இங்கே ஒவ்வோர் ஆண்டும் அது தலைகாட்டும். மேல்வீட்டு யாழ்ப்பாணத்து ரீச்சரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன் அல்லவா? மாலை ஆறு மணியானால் டார்ச் விளக்குடன் இறங்கி வந்து, எல்லார் வீட்டுப் பூந்தொட்டித் தட்டையும், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் நீர் சொட்டும் தட்டையும் கவிழ்த்துப் பார்ப்பவர் அவர்தான். முதலில் எனக்கு அது விநோதமாகத்தான் இருந்தது. 2017ஆம் ஆண்டில் இந்த நாட்டில் 1,86,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு கண்டதையும், ஆஸ்பத்திரிகளில் கட்டில் போதாமல் போனதையும் கண்ணால் பார்த்தவர் அவர். பாப்பாவுக்கு உடம்பு கொதித்த அன்றே வந்து, "பிள்ளை, காய்ச்சல் விட்ட உடனை சந்தோஷப்படாதையும், அப்பதான் கவனமாப் பார்க்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலில் விழலாம், அம்மா. ஏனென்றால் நான்காம் நாள் காலையில் நெற்றி குளிர்ந்ததும் நாமெல்லாம் ரசஞ்சாதம் பிசைந்து கொடுக்கப் போய்விடுவோம். டெங்குவிலோ அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும்; ஒருநாள் முதல் இரண்டு நாள் வரை ஆபத்துக் காலம். அன்று வயிற்றுவலி என்று அவள் சுருண்டு படுத்ததும் நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டோம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிலவேம்புக் குடிநீர் கொடுத்தாயா என்று கேட்டிருந்தீர்கள். 2012இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு பரவியபோது அரசாங்கமே நிலவேம்பைக் காய்ச்சி ஊற்றியதும், நீங்கள் எங்கள் மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்ததும் எனக்கு மறக்குமா? போன முறை நீங்கள் கொடுத்த சூரணம் டப்பாவில் மிச்சம் இருந்தது. கீழ்வீட்டுச் சிங்களப் பாட்டியும் பஸ்பங்குவ என்கிற ஐந்து சரக்குக் கஷாயப் பொட்டலம் ஒன்றைக் கொண்டு வந்தார். கொத்தமல்லி, இஞ்சி, கண்டங்கத்திரி, மரமஞ்சள், பற்பாடகம் ஆகிய ஐந்தும் அதில் உண்டு. நம் நிலவேம்புச் சூரணத்தின் ஒன்பது சரக்கிலும் பற்பாடகம் உண்டே, அதைச் சொன்னதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் வார்டு டாக்டரிடம் காட்டினேன். தமிழ் பேசும் இளம்பெண். அவர் முகம் சுளிக்கவில்லை. பழுப்பாகவோ சிவப்பாகவோ கறுப்பாகவோ எதையும் இப்போது கொடுக்க வேண்டாம் என்றும், பிள்ளை வாந்தி எடுத்தால் வெளியே வந்தது கஷாயமா இரத்தமா என்று பிரித்தறிய முடியாமல் போகும் என்றும் பொறுமையாக விளக்கினார். அதற்குமேல் எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. பப்பாளி இலைச் சாற்றையும் அவர் வேண்டாம் என்றே சொன்னார்.

கொடுத்ததெல்லாம் அரிசிக் கஞ்சி, செவ்விளநீர், ஜீவனி என்று இங்கே அழைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல், காய்ச்சல் இருந்தவரை பாரசிட்டமோல். அதுவும் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மட்டும். சூடு தணியவில்லை என்று இடையில் கொடுக்கக் கூடாது, ஆஸ்பிரினும் புரூபன் என்கிற வலி மாத்திரையும் கிட்டவே வரக் கூடாது. டெங்குவுக்கென்று தனி மருந்து கிடையாதாம். நீர் குறைந்தால் பிள்ளை அதிர்ச்சி நிலைக்குப் போய்விடும், கூடினால் நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்துவிடும். அதனால் வாய்க்குள் போன ஒவ்வொரு மிடறையும், வெளியே வந்த சிறுநீரையும் அளந்து தாளில் எழுத வேண்டும். அந்தத் தாள் என் பொறுப்பில் இருந்தது. கணக்குப் பரீட்சையில் கூட நான் அவ்வளவு கவனமாக எழுதியதில்லை.

ஆனால் அம்மா, ஊசிக்குக் கை நீட்ட வேண்டிய ஒவ்வொரு முறையும் அவள் தேடியது கஞ்சியையும் அல்ல, கரைசலையும் அல்ல. இரத்தத்தின் அடர்த்தி பார்க்கச் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை குத்தினார்கள். "வலிக்காது" என்று ஒருவர் சொல்ல, வலித்தது. அடுத்த முறை கதவு திறந்ததுமே அலறத் தொடங்கினாள். அதன் பிறகு அந்த டாக்டர், "கொஞ்சம் வலிக்கும், எறும்பு கடித்த மாதிரி, அம்மா பத்து எண்ணி முடிப்பதற்குள் முடிந்துவிடும்" என்று உண்மையைச் சொல்லிவிட்டு, என் மடியில் உட்கார வைத்தே குத்தச் சொன்னார். அவள் அழுதாள், ஆனால் கையை இழுக்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் தாய் தகப்பனைப் பார்க்கும் நேரத்துக்கு மட்டும் வார்டுக்குள் விடுவார்களாம். பிள்ளைகள் முதலில் கதறி, பிறகு ஓய்ந்து, கடைசியில் யாரையும் ஏறிட்டுப் பாராமல் படுத்திருப்பதைக் கண்டு மனம் நொந்தவர்கள் விடாமல் வாதாடியிருக்கிறார்கள். 1959இல் பிளாட் என்பவர் தலைமையிலான குழு, தாய் கூடவே தங்கலாம் என்று பரிந்துரைத்ததாம். டாக்டர் இதைச் சொன்னபோது, எனக்கு அம்மை போட்டிருந்த நாட்களில் ஆச்சி தலைமாட்டில் வேப்பிலையும் கையுமாக உட்கார்ந்து, அரிப்பெடுத்த இடத்தை மெல்ல வருடிக்கொண்டே கதை சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. அவள் இலையை நிறுத்தினால் நான் கண் திறந்துவிடுவேன்.

கீழ்வீட்டுப் பாட்டி விகாரைக்குப் போய், பிரித் என்கிற பௌத்த காப்பு மந்திரம் ஓதிய வெள்ளை நூல் கொண்டுவந்து பாப்பாவின் கையில் கட்டினார். ரீச்சர் மயூரபதி அம்மன் கோயில் திருநீறு கொண்டு வந்தார். ஊசிக் குழாய் மாட்டிய கையில் நூல் இடைஞ்சலாக இருந்தபோது, தாதி அதை அறுத்தெறியாமல் பதமாக அவிழ்த்து மற்றக் கையில் கட்டிவிட்டாள். பாப்பா அந்த நூலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே உறங்கினாள். அந்த நூல் ஒரு கொசுவையும் கொல்லாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது இல்லாமல் அந்த இரவுகள் எனக்குக் கழிந்திருக்காது.

பொட்டலத்தைப் பிரித்ததும் சுக்கும் வசம்பும் கலந்த வாசனை வீடு முழுக்கப் பரவியது. அத்தான் வரும்வரை நான் அடுப்பே மூட்டவில்லை. வரைபடத்தில் பார்த்தால் திருநெல்வேலிக்குச் சென்னையைவிடக் கொழும்புதான் கிட்டம். 2011இல் தூத்துக்குடியிலிருந்து ஓடிய கப்பலை மட்டும் நிறுத்தாமல் இருந்திருந்தால் ஒரு ராத்திரியில் உங்கள் மடிக்கு வந்திருப்பேன். இதற்காக வருத்தப்பட வேண்டாம், எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. படத்தில் என் கையில் வளையல் காணோமே என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளையைத் தூக்கும்போது உரசுகிறது என்று கழற்றி வைத்தேன், அவ்வளவுதான். தம்பியிடம் பணம் கேட்டு அனுப்ப வேண்டாம்.

இனி மதினியின் குழந்தை விஷயம், இதுதான் முக்கியம். வசம்பும் சுக்கும் உரசிய உரை மருந்தைத் தேனில் குழைத்து நாவில் தடவப் போவதாக எழுதியிருந்தீர்கள். ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு துளிகூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து, கைகால் தளர்ந்து மூச்சே நின்றுபோகும் அளவுக்கு நஞ்சு உண்டாக்கும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை. ஒரு வயது கழிந்த பிள்ளைக்கு இருமலுக்குத் தேன் நல்லதுதான், பாப்பாவுக்கு நானே கொடுக்கிறேன். வசம்பையும் உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம். அமெரிக்காவில் 1968 முதல் அதை உணவில் சேர்ப்பதற்கே தடை இருக்கிறது. ஆச்சி கோபித்துக்கொண்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், என்மேல் அவளுக்குக் கோபம் நிற்காது. எண்ணெய் தேய்த்துக் கால் நீவி விடுவதையும், தாலாட்டையும், தோளில் போட்டுத் தட்டுவதையும் ஆச்சியைப் போல யாரும் செய்ய முடியாது. அதை அவளிடமே விட்டுவிடுங்கள். சுற்றிப் போடுவதென்றால் உப்பை நீரில் கரைத்தால் போதும், மிளகாய்ப் புகை குழந்தையின் அருகில் வேண்டாம்.

மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் கண்டால் பத்துப் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் அந்த நிமிடமே ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லித் தம்பியிடம் இப்போதே சொல்லி வையுங்கள். வெப்பமானி ஒன்று வாங்கி மதினியிடம் கொடுக்கட்டும். பெயர் சூட்டும் நாள் எப்போது என்று எழுதுங்கள். ஆவணியில் வைத்தால் எங்களால் வர இயலாது, ஐப்பசியில் என்றால் அத்தானிடம் கேட்கிறேன்.

அன்புள்ள மகள்