டே-கேர் வார்டு சிஸ்டர்களுக்கு, ஒரு டம்ளர் கடனோடு

அன்புள்ள சிஸ்டர்களுக்கு,

அம்மாவுக்கு ஆறு கீமோவும் முடிந்துவிட்டது. கடைசி நாள் பில், மருந்துச் சீட்டு, ஆட்டோ என்று ஓடியதில் உங்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை.

முதல் கீமோ போட்ட எட்டாம் நாள் அம்மாவுக்கு வாய் வெந்துபோனது. உதட்டின் உள்பக்கம், நாக்கோரம் எல்லாம் புண். எச்சில் விழுங்கினாலே கண்ணில் தண்ணீர். நான் பெரிய புத்திசாலி மாதிரி கடையில் மவுத்வாஷ் வாங்கிக் கொடுத்தேன். அதில் ஆல்கஹால் இருந்திருக்கிறது. அம்மா துடித்துப்போனார். அதைச் சொன்னபோது நீங்கள் என்னைத் திட்டவில்லை. டார்ச்சை எடுத்து, "வாயைத் திறங்கம்மா" என்றீர்கள். ரத்தம், எடை, ரிப்போர்ட் என்று அத்தனையும் பார்த்திருந்தோம். வாய்க்குள் பார்த்தது நீங்கள்தான்.

வேகமாக வளரும் செல்களை மருந்து அடிக்கும், வாயின் உள்தோலும் அந்த ரகம், குறைந்துபோன ரத்த அணுக்கள் மறுபடி ஏறும்போது புண்ணும் ஆறிவிடும் என்று சொன்னீர்கள். பாதி பயம் அங்கேயே போனது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளித்துத் துப்ப வேண்டும். நாற்பது வருடமாகப் பல்பொடியை விரலால் தேய்த்தவரைக் குழந்தைகள் பிரஷ்ஷுக்கு மாற்றினீர்களே, அது என்னால் ஆகாத காரியம்! பல்செட்டைக் கழற்றி வைக்கச் சொன்னதும், 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் ராத்திரி என்றாலும் கிளம்பி வாருங்கள் என்றதும் நீங்கள்தான்.

அப்புறம் அந்த ஐஸ். இரண்டாவது தடவையிலிருந்து, ஃபைவ் எஃப்யூ என்ற கீமோ மருந்து ஊசிக்கு ஐந்து நிமிடம் முன்பே ஐஸ் துண்டுகளை வாயில் போட்டு, அரை மணி நேரம் விடாமல் சப்ப வைத்தீர்கள். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி, வாய்க்குப் போகும் மருந்து குறையுமாம். பக்கத்துக் கட்டில்காரர் தனக்கும் கேட்டார். அவருக்கு ஏறியது ஆக்சாலிபிளாட்டின் என்ற வேறு கீமோ மருந்து, அதற்குக் குளிர்ச்சி ஆகாது என்று பொறுமையாக விளக்கினீர்கள். அம்மாவுக்கு அதற்கப்புறமும் வாய் சிவந்தது, ஆனால் சோறு நிற்கவில்லை.

ஐஸ் உடைத்துத் தந்த ஆயாம்மாவுக்கும், பருப்பு சாதத்தைக் காரமில்லாமல் குழைத்து, ஆறவைத்துக் கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு அக்காவுக்கும் நன்றி.

ஐஸ் தந்த எவர்சில்வர் டம்ளர் எங்கள் கூடையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அடுத்த மாதம் செக்கப்புக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.