கலர் மீனும் கள்ளநோட்டு லைட்டும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர் சிறுவர் பக்கத்துல இருட்டில் ஒளிரும் அதிசய விலங்குகள்னு தலைப்பு வச்சு பச்சையா ஒரு முயலும் சிவப்பு மஞ்சள்ல குட்டி மீனுகளும் படம் போட்டிருந்தீங்க. அத பாத்துட்டு என் பேரன் நாலு நாளா ஒரே அடம், கடைசில அவங்க அப்பன் ராம்நாட்டுல ஒரு கலர் மீன் கடைல அதே மாதிரி 4 மீன் வாங்கியாந்து குடுத்தான், பய ராத்திரி வீட்டு லைட்டு பூராத்தையும் அமத்திட்டு தொட்டி முன்னாடி உக்காந்துட்டான். ஒன்னும் தெரியல. தாத்தா, மீனு கெட்டுப்போச்சுன்னு அழுகை வேற.

மீன் கெட்டுப்போகல ஐயா, உங்க தலைப்புதான் தப்பு. நான் தங்கச்சிமடத்துல சின்னதா பலசரக்கு கடை வச்சிருக்கேன், கடைல கள்ளநோட்டு பாக்குற ஊதா லைட்டு ஒன்னு கெடக்கு. அத எடுத்தாந்து தொட்டிக்கிட்ட காட்டுனேன், 4 மீனும் தணல் மாதிரி எரிஞ்சுச்சு. அப்பறம் ரூபா நோட்டு ஒன்ன பக்கத்துல வச்சு பேரனுக்கு காட்டுனேன், நோட்டுல இருக்க இழை மஞ்சளா மின்னுச்சு, லைட்ட அமத்துனா போயிருச்சு. நோட்டுக்குள்ள வெளிச்சம் இருக்காடானு கேட்டேன், இல்லன்னான். அம்புட்டுதான் சங்கதி. வர்ற ஊதா வெளிச்சத்த வாங்கி வேற கலரா திருப்பிக் குடுக்குது, சொந்தமா விளக்கு கெடையாது. சில நாள் ராத்திரி துடுப்பு போட்டா நம்ம கடல் நீலமா மின்னுமே, அது வேற, அதுல கண்ணுக்கு தெரியாத உயிரு தானே வெளிச்சம் உண்டாக்குது. இது ரெண்டையும் ஒன்னா போட்டு கொழப்பாதீங்க. பனங்காட்டுல அந்த ஊதா லைட்ட அடிச்சு பாருங்க, நம்ம ஊரு தேளே பச்சையும் நீலமுமா மினுங்கும், அதுக்கு யாரும் ஜீன் ஊசி போடல.

இந்த மீனுக்கு வேற உயிரோட ஜீன போட்டுதான் மின்ன வச்சிருக்காங்க, அந்த ஜீன் எங்கேருந்து வந்துச்சுன்னு நீங்க எழுதல, அதுதான் எனக்கு பெரிய குறை. சிவப்பு கலரு பவள வகை உயிர்லேருந்து வந்துச்சு, பச்சை சொறில, அதான் ஜெல்லி மீனுல இருந்து வந்தது ஐயா! வலைல அப்புனா நாங்க திட்டுவோமே, கால்ல பட்டா தடிச்சு அரிச்சு உசுர வாங்குமே, அந்த சொறி வகையில ஒன்னு. நான் வயசு பயலா சங்கு குளிக்க போன காலத்துல அதுக்கிட்ட பட்ட பாடு கொஞ்சம் இல்ல. ஒசாமு ஷிமோமுரான்னு ஒரு ஜப்பான்காரரு அமெரிக்காவுல ஃப்ரைடே ஹார்பர்ங்கற ஊர்ல சொறிய அள்ளி அள்ளி, அதுலேருந்து பச்சையா மின்னுற புரதத்த பிரிச்சு 1962ல சொன்னாரு, அப்பறமும் பல வருஷம் பொண்டாட்டி புள்ளைகளோட சேந்து அள்ளி மொத்தம் 8,50,000 சொறிக்கு மேல புடிச்சிருக்காரு. அப்பறம் டக்ளஸ் பிரேஷர் 1992ல அதுக்கான ஜீன எடுத்து வெளியிட்டாரு, 1994ல மார்ட்டின் சால்ஃபி அத வேற உயிர்ல, ஒரு சின்ன புழுவுல, வேலை செய்ய வச்சாரு, ரோஜர் சியன் பல கலர் ஆக்குனாரு. 2008ல ஷிமோமுரா, சால்ஃபி, சியன் மூணு பேருக்கும் நோபல் பரிசு. ஜீன எடுத்துக் குடுத்த பிரேஷர் அந்த நேரம் கார் விக்கிற ஒரு கம்பெனில வேன் ஓட்டிக்கிட்டு இருந்தாராம். இத என் அண்ணன் மக சொன்னப்ப எனக்கு மனசு ஆறல, வலை இழுக்குறவன் ஒருத்தன் மீன் விக்கிறவன் ஒருத்தன்ங்கற நம்ம ஊரு கதைதான் அங்கயும்.

போன வாரம் ஒரு வாசகர் இதெல்லாம் கடவுளுக்கு அடுக்காத விளையாட்டுன்னு எழுதியிருந்தாரு. அவருக்கு ஒன்னு சொல்லணும். 2011ல அமெரிக்காவுல பூனைக்கு இந்த பச்சைய போட்டாங்க, வேடிக்கைக்கு இல்ல. பூனைக்கு எய்ட்ஸ் மாதிரி ஒரு நோய் வருது, அத தடுக்குற ஜீன் ஒன்ன குரங்குலேருந்து எடுத்து போட்டாங்க, அது உள்ள போச்சா இல்லையான்னு வெளிய தெரியணும்ல, அதுக்கு அடையாளமா பச்சைய சேத்து விட்டாங்க. நாம வலைக்கு போயா கட்டி மெதக்க விடுற மாதிரி, போயாவ பாத்தா கீழ வலை கெடக்குன்னு தெரியும். அதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. ஆனா 2000ல பிரான்ஸ் ஆய்வுக்கூடத்துல இதே பச்சைய போட்ட முயல ஒரு ஓவியரு இதுதான் என் கலைன்னு சொன்னாரு பாருங்க, அது எனக்கு புடிக்கல.

கடைல விக்கிற மீனு கதை வேற. 1999ல சிங்கப்பூர்ல தண்ணில விஷம் கலந்தா கலர் காட்டுற மீன் வேணும்னுதான் ஆரம்பிச்சாங்க, 2003 கடைசில அமெரிக்காவுல அது வளப்பு மீனா விக்க வந்துருச்சு. அந்த மீனு எது தெரியுமா, வரி வரியா இருக்குமே ஸீப்ரா மீன், அது நம்ம இந்தியா வங்கதேசம் பக்கத்து ஓடை வாய்க்கால் மீன். நம்ம மீன் வெளிநாடு போய் கலர் பூசிக்கிட்டு திரும்பி வந்திருக்கு. இங்க மரபணு மாத்துன உயிர விக்கணும்னா 1989 விதிப்படி மத்திய அரசு கமிட்டி அனுமதி வேணும். கடைக்காரர கேட்டா அவரு, அட போங்கண்ணே ஊசி போட்ட கலருதான்னு சொல்றாரு. சாயம் ஊசி போட்ட மீனும் சந்தைல உண்டுதான், ஆனா அந்த சாயம் வெளிறிப்போகும், குஞ்சுக்கு வராது, இது குஞ்சுக்கும் வரும். எது எதுன்னு அவருக்கே தெரியல, இல்ல தெரிஞ்சும் சொல்லல.

பயம் என்னன்னா, பயலுகளுக்கு சலிச்சா மீன கொண்டுபோய் ஊருணிலயோ கண்மாயிலயோ ஊத்திருவாய்ங்க. கடல்ல ஊத்துனா செத்துரும், அது நல்ல தண்ணி மீன், கண்மாய் அப்படியில்லையே. பிரேசில் நாட்டுல விக்க தடை இருந்தும் பண்ணைலேருந்து தப்பிச்ச மீனு ஓடைல முட்டை போட்டு பெருகுதுன்னு 2022ல ஆராய்ச்சிக்காரங்க எழுதிட்டாங்க. நமக்கு பட்டறிவு இல்லாம இல்ல. பிலிப்பைன்ஸ் பக்கத்து கப்பாபைகஸ்ங்கற கடல்பாசி நம்ம மண்டபம் ஊருக்கு வளக்க வந்துச்சு, 2008 வாக்குல பாத்தா பக்கத்து குருசடை தீவு பவளப்பாறை மேல போர்வ மாதிரி படந்து கெடக்கு. பாசி எடுக்குற பொம்பளைக பொழப்பு அதுல ஓடுது, அத நான் குறை சொல்லல, விட்ட பெறகு திரும்ப அள்ள முடியலங்கறத சொல்றேன்.

அதனால மீன்வளத்துறை ஆளுங்க கலர் மீன் கடைகள்ல ஒரு ஊதா லைட்ட கைல வச்சுக்கிட்டு ஒரு சுத்து வந்தா போதும், லைட்டு வெல ரொம்ப இல்ல. சந்தேகப்பட்ட மீன பெறகு டெஸ்ட்டுக்கு அனுப்பிக்கட்டும். நீங்களும் அடுத்த வாரம் படத்துக்கு கீழ, ஊதா விளக்குல எடுத்ததுன்னு ஒரு வரி போட்டுருங்க. எங்க வீட்டு மீன்ல ஒன்னு செத்துருச்சு, மிச்சம் 3 தொட்டிலயே இருக்கு, சாகுறவரைக்கும் அங்கயே இருக்கட்டும், ஊருணி பக்கம் தொட்டிய தூக்குனா கால ஒடிச்சுருவேன்னு பேரன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
பழைய வாசகன், தங்கச்சிமடம்